தள்ளும் கைக்கு யார் சம்பளம் கொடுப்பது?

வெளிநாட்டுப் பணத்துக்கு வாசல் குறுகிவிட்டது. சிஸ்டர்கள் குறைந்துவருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் பிறந்தநாள் சாப்பாடு போடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களின் கணக்கு நோட்டு என்ன சொல்கிறது?

சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்க நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தலைவரின் பிறந்தநாள், கம்பெனியின் ஆண்டு விழா, நற்பணி மன்றத்தின் பொங்கல் விழா என்று ஏதாவது ஒரு மேடையில் அவை வரிசையாக நிற்கும். படம் எடுப்பார்கள், மறுநாள் பேப்பரிலும் வரும். ஆனால் ஒரு பிள்ளையைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்து, வகுப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போய், சாப்பாடு ஊட்டி, கழிப்பறையில் கழுவிவிட்டு, மாலையில் வேனில் ஏற்றிவிடும் ஆயாவின் மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று எந்த மேடையிலும் யாரும் அறிவிப்பதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்காகக் கிறிஸ்தவ சபைகளும் மடங்களும் நடத்தும் பள்ளிகள், இல்லங்கள், பகல்நேரக் காப்பகங்கள் அத்தனையும் இன்று திணறுவது இந்த இடத்தில்தான். ‘மிஷன் பணம் கொட்டுகிறது’ என்று ஒரு தரப்பு பேசுகிறது. ‘தேவன் பார்த்துக்கொள்வார்’ என்கிறது இன்னொரு தரப்பு. மாதம் பிறந்தால் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டிய நிர்வாகிக்கு இரண்டு பேச்சாலும் பயனில்லை.

புதுச்சேரியின் உழவர்கரையில் இருந்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 3 லட்சம் பேர் வாழும் நகராட்சி இது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதிலும் மாற்றுத்திறனாளிகள் 30 ஆயிரத்துக்கு மேல் இருப்பதாக அதே கணக்கெடுப்பு சொன்னது. இந்த நகராட்சி எல்லைக்குள், கோரிமேட்டில், ஜிப்மர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு. 2008 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று நான்கு திசையிலிருந்தும் பிள்ளைகளோடு பஸ் பிடித்து வருகிறார்கள். மூளை முடக்குவாதம் என்றோ ஆட்டிசம் என்றோ அங்கே பெயர் தெரிந்துவிடும். பெயர் தெரிந்த பிறகு வாழ வேண்டிய ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடையாது. ‘சிஸ்டருங்க நடத்துற ஸ்கூல் பக்கத்துல எதுனா இருக்கா?’ என்ற விசாரிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. புனித ஜோசப் குளூனி சபைச் சகோதரிகள் 1827லேயே வந்திறங்கிய ஊரில் இந்த விசாரிப்பு இயல்பானதும்கூட.

ஒரு மாதத்தின் மாதிரிக் கணக்கு

அறிவுசார் குறைபாடு உள்ள 40 பிள்ளைகள் படிக்கும் பகல்நேரச் சிறப்புப் பள்ளி ஒன்றைக் கணக்குக்காக மனத்தில் வைத்துக்கொள்வோம். எந்த நிறுவனத்தையும் குறிப்பதல்ல இது. தொகைகள் நாமே போட்டுக்கொண்டவை, அதுவும் சிக்கனமாக.

இத்தகைய பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்பது, 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துச்சொன்ன அளவுகோல். அப்படியானால் 8 ஆசிரியர்கள். ஆளுக்கு 15 ஆயிரம் ரூபாய் என்றால் 1,20,000. ஆயாக்கள் நான்கு பேர், தலைக்கு 9 ஆயிரம்: 36,000. பிசியோதெரபிஸ்ட் ஒருவர், பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்: 40,000. வேன் டிரைவர் 12,000, டீசல் 15,000. மதியச் சாப்பாடு ஒரு பிள்ளைக்கு 40 ரூபாய் வீதம் 22 நாளைக்கு 35,200. கட்டட வாடகை 30,000. கரண்ட், தண்ணீர், போன் 10,000. கணக்கர் சம்பளம் 15,000.

கூட்டினால் மாதம் 3,13,200 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 7,830. மொத்தத்தில் சம்பளமாக மட்டும் போவது 2,23,000, அதாவது நூற்றுக்கு 71 ரூபாய். நன்கொடையாளர்கள் விரும்பி ஏற்கும் சாப்பாட்டுச் செலவு 11 ரூபாய்.

சிறப்புப் பள்ளியில் சேவை என்பதே ஆள்தான் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. கண்புரை முகாமில் லென்ஸ் முக்கியம், மருந்து முக்கியம். இங்கே ஆயாவின் இடுப்பும் ஆசிரியரின் பொறுமையும்தான் மருந்து. சம்பளத்தைக் குறைத்தால் சேவையே குறைந்துவிடும். நன்கொடை கொடுப்பவரோ ‘நான் கொடுத்த காசு பிள்ளைகளுக்குப் போகணும், சம்பளத்துக்குப் போகக் கூடாது’ என்கிறார். இந்தத் துறையில் அந்த இரண்டுக்கும் வேறுபாடே இல்லை.

கைப்பிடி அரிசியும் கடல் கடந்த காசோலையும்

இந்தச் செலவை இதுவரை யார் தாங்கினார்கள்?

பாளையங்கோட்டைக்குப் போனால் தொடக்கம் தெரியும். ஆங்கிலேய மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் 1890ல் ஒரே ஒரு பார்வையற்ற சிறுவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதுவே பார்வையற்றோர் பள்ளியாக வளர்ந்தது. பார்வையற்றோருக்கான இந்தியாவின் முதல் பள்ளியை ஆனி ஷார்ப் அமிர்தசரஸில் திறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே பத்தாண்டில் பாளையங்கோட்டையிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காதுகேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். மிஷன் சங்கத்தின் சிறு தொகை, சீமையில் இருந்த நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில், உள்ளூர்ச் சபையின் காணிக்கை ஆகியவையே இப்படிப்பட்ட பள்ளிகளின் முதல். சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி வழக்கம், அறுப்பின் பண்டிகை ஏலம், அசனம் என்ற சபை விருந்து, கத்தோலிக்கரிடம் புனித அந்தோனியார் பெயரால் ஏழைகளுக்குப் போடும் உண்டியல் என்று எளியவர்களின் கொடைக்குப் பல வாய்க்கால்கள் இருந்தன. பிறகு இத்தகைய பள்ளிகள் சில அரசு உதவி பெறத் தொடங்கின. ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. இன்றும் அவை நிலைத்து நிற்பதற்குப் பெரிய காரணம் அந்த அரசுச் சம்பளம்.

வேலூர் வேறு வழியில் போனது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் 1966ல் எழக் காரணமாக இருந்தார். அங்கிருந்து சிறிது தூரத்தில் காரிகிரி. 1955ல் திறந்த அந்தத் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில் உள்ள ‘ஷிஃப்லின்’, அமெரிக்கத் தொழுநோய் மிஷன் அமைப்பின் தலைவராக இருந்தவர். பெயர்ப் பலகையே பணம் வந்த திசையைச் சொல்லும்.

போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் திருச்சபைகளின் நிதி அமைப்புகள் பெருகின. ஜெர்மனியின் கத்தோலிக்க ஆயர்கள் 1958ல் மிசெரியோரை அமைத்தார்கள். இந்தியக் குழந்தைகளுக்கு உதவுவதற்காகவே 1959ல் டூயிஸ்பர்க்கில் கிண்டர்நோட்ஹில்ஃபே பிறந்தது. பாதிரியார் எர்ன்ஸ்ட் கிறிஸ்டோஃபெல் 1908ல் துருக்கியில் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த சி.பி.எம். என்ற தொண்டு அமைப்பு, 1967 முதல் இந்தியாவில் வேலை செய்கிறது. புதுச்சேரிக்கும் இந்த வெளிநாட்டு உதவி புதிதல்ல. பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி 1962ல் இங்கே தொடங்கிய வொலோந்தாரியா, தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தறிப்பட்டறை அமைத்தது. அது சர்ச் அமைப்பு அல்ல, ஆனாலும் பிரெஞ்சு மொழி பேசும் நாடுகளின் குடும்பங்கள் ஒரு பிள்ளையை ஏற்று மாதந்தோறும் பணம் அனுப்பும் முறையை இந்த ஊருக்குப் பழக்கியதில் அதற்குப் பங்குண்டு.

தொழுநோயின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோயை ஒழித்துவிட்டதாக 2005 இறுதியை வைத்து இந்தியா அறிவித்தது. கிருமி போனாலும் மடங்கிய விரல் நிமிரவில்லை, உணர்விழந்த பாதத்தில் புண் ஆறவில்லை. கொடையாளர்களின் ஆர்வமோ ‘ஒழிந்தது’ என்ற அறிவிப்போடு வேறு பக்கம் திரும்பியது. காரிகிரி பொது மருத்துவமனையாகவும் தன்னை விரித்துக்கொண்டது. வசதியுள்ள நோயாளி கட்டும் கட்டணம் வசதியற்றவரின் புண்ணுக்கு மருந்து போட உதவும். ஆஸ்பத்திரிக்கு இந்த வழி உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பள்ளிக்கு அப்படி ஒரு கட்டணப் பிரிவு ஏது? வருகிற பெற்றோரில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். தாய் வேலைக்குப் போக முடியாத வீடுகள்.

கணக்கில் ஏறாத சம்பளம்

கிறிஸ்தவ நிறுவனங்களின் நோட்டில் எழுதப்படாத ஒரு பெரிய வரவு இருந்தது. அது கன்னியாஸ்திரிகளின் உழைப்பு.

காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் படுக்கும் ஒரு சிஸ்டர், சிறப்பாசிரியர், வார்டன், நர்ஸ், கணக்கர் என்று நாலு பேர் வேலையை ஒருவராகச் செய்தார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் என்பதால் தனக்கென்று சம்பளம் இல்லை. சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் மடம் பார்த்துக்கொள்ளும். அரசு உதவி பெறும் பள்ளியில் அவருக்குச் சம்பளம் வந்தாலும் அது சபையின் பொதுக் கணக்குக்குப் போய், அங்கிருந்து உதவி பெறாத இல்லங்களுக்குப் பிரிந்தது. ஒரு ஊர்ப் பள்ளியின் சம்பளம் இன்னொரு ஊர் இல்லத்தின் உலைக்கு அரிசியாயிற்று.

இரண்டு பக்கமும் இது சுருங்குகிறது. மடங்களில் சேரும் இளம்பெண்கள் குறைந்துவிட்டார்கள் என்று சபைகளே பேசுகின்றன. தமிழ்ப் பெண்ணுக்கு முன்பு மடம் ஒன்றே படிப்புக்கும் வேலைக்குமான வாசலாக இருந்த காலமும் போய்விட்டது. ஒரு சிஸ்டர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு இரண்டு மூன்று பேரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கிறது. மறுபக்கம் வரி. உதவி பெறும் பள்ளிகளில் பணியாற்றும் பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகளின் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை என்பது 1940களில் இருந்து வந்த நடைமுறை. அதை வருமான வரித்துறை மாற்றியது. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2019ல் வரி பிடிக்கலாம் என்றது; 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் யார் பெயரில் வருகிறதோ அவர் வரி கட்ட வேண்டும், அதை அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம் என்ற தீர்ப்பில் சட்ட நியாயம் இருக்கிறது. ஆனால் சபையின் பொதுக் கணக்குக்கு வரும் தொகை அந்த அளவுக்குக் குறையும் என்பதும் உண்மை.

டெல்லியில் ஒரு பேங்க் கிளை

பெரிய அடி 2020ல் விழுந்தது. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1976ல் பிறந்தது, 2010ல் புதிதாக எழுதப்பட்டது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் மூன்று முக்கிய மாற்றங்களைச் செய்தது.

முதலாவது, வெளிநாட்டுப் பணம் எந்த மூலையில் உள்ள நிறுவனத்துக்கு வந்தாலும் டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். இது தொல்லைதான், ஆனால் பழகிக்கொள்ளக்கூடிய தொல்லை.

இரண்டாவது, அப்படி வந்த பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. பாதிப்பு அதிகம் இதில்தான். அதுவரை பெரிய அமைப்பு ஒன்று மொத்தமாகப் பெற்று மறைமாவட்டச் சமூகப்பணிச் சங்கத்துக்குத் தரும். சங்கம் கிராமத்து மடத்தின் சிறு இல்லத்துக்குத் தரும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் ஆடிட்டர் வைக்கவும் வசதியில்லாத இல்லங்கள் இந்தச் சங்கிலியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அது அறுந்தது. சொந்தமாகப் பதிவு பெறலாமே என்றால், நிறுவனம் மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நிர்வாகச் செலவு உச்சவரம்பு நூற்றுக்கு 50லிருந்து 20 ஆனது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது; வெளிநாட்டுக் காசில் குளுகுளு அறையும் காரும் எதற்கு என்று யாரும் கேட்பார்கள். ஆனால் எது நிர்வாகச் செலவு? அந்தச் சட்டத்துக்கான விதி 5ன் பட்டியலில் வாடகை, கரண்ட், தண்ணீர், போன், கணக்கெழுதும் செலவு, வாகனம் ஓட்டிப் பராமரிக்கும் செலவு எல்லாம் வருகின்றன. மேலே போட்ட மாதிரிக் கணக்கில் வாடகை 30,000, வேன் 27,000, கரண்டும் போனும் 10,000, கணக்கர் 15,000 சேர்த்தால் 82,000. மொத்தத்தில் 26 விழுக்காடு. வரம்பு தாண்டிவிட்டது! பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் சம்பளம் போல, நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவுக்கு அதே விதி விலக்கும் தருகிறது. நடக்க முடியாத பிள்ளையை மூலக்குளத்தில் இருந்து பள்ளிக்குக் கொண்டுவரும் வேன் நேரடிச் சேவையா, வாகனச் செலவா? ஆடிட்டர் ஒரு மாதிரி எழுதலாம், அதிகாரி வேறு மாதிரி படிக்கலாம். இந்த மயக்கத்துக்குப் பயந்தே பல நிர்வாகிகள் வேனைக் குறைத்துக்கொள்வதுதான் பத்திரம் என்று நினைக்கிறார்கள்.

இவற்றில் முதல் இரண்டு திருத்தங்களை 2022 ஏப்ரல் 8 அன்று நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை அல்ல என்றது தீர்ப்பு.

நாடே கவனித்த சம்பவம் அதற்குச் சில மாதம் முன்பு நடந்தது. அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி அமைப்பின் பதிவுப் புதுப்பிப்பை 2021 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று உள்துறை அமைச்சகம் மறுத்தது. பாதகமான தகவல்கள் கிடைத்ததாகக் காரணம் சொன்னது. கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி குற்றம்சாட்ட, கணக்கை நிறுத்திவைக்கச் சொன்னது அந்த அமைப்பே என்றது அமைச்சகம். ஒடிசாவில் அந்த அமைப்பின் 13 இல்லங்களுக்கு அப்போதைய முதல்வர் நவீன் பட்நாயக் நிவாரண நிதியிலிருந்து சுமார் 79 லட்சம் ரூபாய் ஒதுக்கினார். 2022 ஜனவரி முதல் வாரம் முடிவதற்குள் பதிவு திரும்பக் கிடைத்தது. உலகமே அறிந்த பெயருக்கு இரண்டு வாரத்தில் வழி பிறந்தது. பெயர் தெரியாத சிறு இல்லத்துக்காக எந்த முதல்வரும் ட்வீட் போட மாட்டார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்டு விஷன் இந்தியாவின் பதிவே 2024ல் ரத்தானது.

மதமாற்றத்துக்குப் பணம் போகிறது என்ற சந்தேகம் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. குற்றம் நடந்தால் வழக்குப் போடச் சட்டங்கள் இருக்கின்றன, போடவும் வேண்டும். ஆனால் பதிவு ரத்தாகும்போது தண்டனை அனுபவிப்பது குற்றம் செய்தவர் அல்ல, மறுநாள் காலை வேன் வராத பிள்ளை. விசாரணை நடக்கும் காலத்துக்காவது பராமரிப்புச் செலவுக்கு மாற்று ஏற்பாடு இருக்க வேண்டாமா?

உள்ளூரில் கேளுங்களேன்

‘வெளிநாட்டில் ஏன் கையேந்த வேண்டும்? இந்தியாவில்தான் பணம் இருக்கிறதே’ என்ற கேள்வி நியாயமானது. இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

80ஜி ரசீது கொடுத்தால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை உண்டு என்பது நெடுநாள் ஈர்ப்பு. ஆனால் 2023-24 முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய வருமான வரி முறையில் இந்தச் சலுகை கிடையாது. சம்பளக்காரர்கள் அந்தப் பக்கம் போகப் போக, மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வரும் காசோலைகளும் போய்விடுகின்றன.

அடுத்தது சி.எஸ்.ஆர். எனப்படும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, 5 கோடி ரூபாய் நிகர லாபம், 1,000 கோடி விற்றுமுதல், 500 கோடி நிகர மதிப்பு என்ற மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சிறப்புக் கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிக்கல் காலத்தில் இருக்கிறது. ‘தொடர் திட்டம்’ என்பதற்கே தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுதான் எல்லை. எத்தனை பேர் பயனடைந்தார்கள், எத்தனை பேர் ‘முடித்து’ வெளியேறினார்கள் என்று அறிக்கை கேட்பார்கள். மூளை முடக்குவாதத்தில் முடித்து வெளியேறுவது என்று ஒன்று இல்லை. பத்து வயதில் தானாக ஸ்பூன் பிடிக்கப் பழகுவது அந்த வீட்டுக்குத் தேர் இழுத்த வெற்றி. எக்செல் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. கம்பெனியும் பொருளாகத்தான் கொடுக்க விரும்புகிறது: ஸ்மார்ட் போர்டு, வேன், சென்சரி ரூம். வேன் வந்துவிடும், டிரைவர் சம்பளம் வராது.

மிச்சம் இருப்பது பிறந்தநாளும் திதியும். மாதிரிப் பள்ளியில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 1,600 ரூபாய். அன்பில் குறையில்லை, ஆகஸ்ட் 15 அன்று நான்கு பேர் பிரியாணி கொண்டுவருவார்கள், ஜூலை 9 அன்று ஒருவரும் வர மாட்டார். அதே 1,600 ரூபாயை 23 பேர் மாதந்தோறும் பேங்க் மூலம் அனுப்பினால் நான்கு ஆயாக்களின் சம்பளம் தவறாமல் போய்ச் சேரும். கொடையின் அளவைவிட அதன் ஒழுங்கு முக்கியம் என்பதைத் தசமபாகம் பழகிய சபைகளாவது தங்கள் ஆட்களுக்குச் சொல்லலாம். புதுக் கோபுரத்துக்கு ஒரே திருவிழாவில் பணம் சேர்க்கத் தெரிந்த பங்குகளுக்கு, பக்கத்துச் சிறப்புப் பள்ளியின் ஒரு ஆசிரியரை ஆண்டு முழுக்கத் தாங்குவது முடியாத காரியமல்ல.

கணக்குக் காட்டாத கருணை

நிறுவனங்கள் பக்கமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

தொண்டு நிறுவனங்கள் பல தணிக்கை செய்த கணக்கை அரசுக்கு அனுப்புகின்றன, ஊருக்குக் காட்டுவதில்லை. ‘கடவுளுக்குத் தெரியும்’ என்பது ஜெபத்தில் சரி, வரவுசெலவில் சரியல்ல. இங்கிலாந்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கடந்த ஐந்தாண்டுக் கணக்கை யார் வேண்டுமானாலும் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். இங்கேயோ, வெளிநாட்டு நன்கொடை விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்ற விதியை 2022 ஜூலையில் அரசே நீக்கியது. நிறுவனங்களின் ஆண்டு அறிக்கைகளையும் உள்துறை அமைச்சகத் தளத்தின் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. வெளிப்படைத்தன்மைக்காகச் சட்டத்தை இறுக்குகிறோம் என்றவர்கள் சன்னலைச் சாத்திவிட்டார்கள்.

சாத்திய சன்னலுக்குப் பின்னால் என்ன நடக்கலாம் என்பதற்குப் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் இருந்தவர்கள் காணாமல் போனது, துன்புறுத்தப்பட்டது குறித்த புகார்கள் 2023 பிப்ரவரியில் வெடித்தன. உரிய அனுமதியின்றி அது நடந்துவந்தது தெரியவர, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போனது. ஆதரவற்றோரையும் மனநலம் குன்றியோரையும் கொண்டுபோய் விட இடமில்லாதபோது, கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவைக்கிறார்கள்.

தன்னைத் தானே விசாரித்துக்கொண்ட ஒரு கிறிஸ்தவ அமைப்பும் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் லார்ஷ் இயக்கத்தை ஜான் வனியே 1964ல் பிரான்சில் தொடங்கினார். இந்தியாவில் 1970 முதல் ‘ஆஷா நிகேதன்’ என்ற பெயரில் இயங்குகிறது. சென்னையிலும் வீடு உண்டு. வனியே 2019ல் மறைந்தபோது புனிதராகவே கொண்டாடப்பட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில், அவர் பெண்களைத் தவறாகப் பயன்படுத்திக்கொண்டார் என்ற விசாரணை அறிக்கையை லார்ஷ் அமைப்பே வெளியிட்டது. நிறுவனரின் பெயர் உடைந்தது, இயக்கம் பிழைத்தது. உண்மையைச் சொன்னால் நன்கொடை நின்றுவிடும் என்று பயப்படும் நிர்வாகிகளுக்கு இது ஒரு பதில்.

அரசு எங்கே?

இங்கிலாந்தில் லிவபிலிட்டி என்ற பெயரில் அமைந்த தொண்டு நிறுவனம், 1866ல் ஜான் க்ரூம் தொடங்கிய பணியும் 1844ல் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளின் சங்கமாகப் பிறந்த ஷாஃப்ட்ஸ்பரி சொசைட்டியும் 2007ல் இணைந்து உருவானது. ஆதியில் கிறிஸ்தவர்களின் காணிக்கையில் நடந்த வேலை. இன்று அதன் வருமானத்தில் பெரும்பங்கு நன்கொடை அல்ல. ஒரு மாற்றுத்திறனாளியைப் பராமரிக்க உள்ளாட்சி மன்றங்கள் செலுத்தும் கட்டணம். அந்தக் கட்டணம் போதவில்லை என்ற புலம்பல் அங்கேயும் உண்டு. ஆனால் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதில் குழப்பமில்லை.

இங்கே நிலைமை என்ன? மத்திய அரசின் தீன்தயாள் மறுவாழ்வுத் திட்டம், ஒப்புக்கொண்ட செலவில் 90 விழுக்காடு வரை மானியம் தரலாம் என்கிறது. விண்ணப்பம், மாவட்ட ஆய்வு, பரிந்துரை, டெல்லி ஒப்புதல் என்று அது நடந்து வருவதற்குள் நிறுவனம் கடன் வாங்கிச் சம்பளம் போட்டிருக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவருக்கு இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாடு தன் உதவித்தொகையை 2023ல் 1,500 ஆக்கியது. 7,830 ரூபாய் என்ற நம் சிக்கனக் கணக்கின் பக்கத்தில் இந்த எண்களை வைத்துப் பாருங்கள்.

சட்டம் என்னவோ தெளிவாகவே இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31வது பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது. தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடத்தில் சேரும் ஏழைப் பிள்ளைக்கு அரசு கட்டணத்தைத் திருப்பித் தரும் வழி 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று அந்தப் பிள்ளைக்குத் தரும் அரசு, சிறப்புப் பள்ளிப் பிள்ளைக்கு ஏன் தரக்கூடாது? பள்ளியை நடத்துவது சிஸ்டரா, சங்கமா, பெற்றோர் குழுவா என்று பார்க்காமல், அங்கீகாரமும் தணிக்கையும் ஆய்வும் சரியாக இருந்தால் மாதம் பிறந்ததும் பணம் போக வேண்டும்.

சிறப்புப் பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்களிடம் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்வார்கள்: ‘எங்க காலத்துக்கு அப்புறம் இவன யாரு பாத்துப்பா?’ வீட்டை விற்றாவது ஒரு இல்லத்தில் பணம் கட்டி இடம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டும் முன் கேட்க வேண்டியவை சில. மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பதிவு இருக்கிறதா? கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையைக் காட்டுவீர்களா? வெளிநாட்டு வரவு எவ்வளவு, அது நின்றால் எத்தனை மாதம் தாங்குவீர்கள்? ஆயாவுக்கு எவ்வளவு சம்பளம், பி.எஃப். உண்டா, ஒருவர் சராசரியாக எத்தனை ஆண்டு வேலையில் நீடிக்கிறார்? கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் வந்தால் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் நல்ல பதில் இருக்கும். ஆயா மாறிக்கொண்டே இருக்கும் இல்லத்தில் பிள்ளை பத்திரமாக இருக்க முடியாது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது, அந்த அறிக்கையை யாரும் கேட்கும் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. சம்பளம் எங்கள் மிகப்பெரிய செலவு என்று வெட்கப்படாமல் சொல்வது. சபைகள் செய்ய வேண்டியது, பொருளாகக் கொடுப்பதை ஒரு ஆண்டு நிறுத்தி மாதக் காணிக்கையாகக் கொடுத்துப் பார்ப்பது. புதுச்சேரி அரசு செய்ய வேண்டியது இவை எல்லாவற்றையும்விட எளிது. சிறிய பிரதேசம், எண்ணிவிடக்கூடிய அளவிலான சிறப்புப் பள்ளிகள். ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று அடுத்த பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். உழவர்கரை நகராட்சி எல்லையில் மட்டும் பல தொகுதிகள் இருக்கின்றன, அவற்றின் எம்.எல்.ஏ.க்கள் அடுத்த முறை சக்கர நாற்காலி வழங்க மேடை ஏறும்போது, அந்த ஒரு வரியைச் சட்டமன்றத்தில் கேட்டீர்களா என்று கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கலாம். சட்டம் உரிமை என்று எழுதிவிட்ட ஒன்றுக்கு ஒரு தாய் யாருடைய கருணைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.